பார்த்ததை மட்டும் எழுதியவர்

முதல் நாள் என் தாளில் அவர் வெட்டிய முதல் சொல் ‘கோபமான’. ‘கோபமான கூட்டம்’ என்று எழுதியிருந்தேன். அவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, கோபம் எங்கே இருக்கிறது, திரையில் தொட்டுக் காட்டு என்றார். முன்வரிசையில் நின்ற ஒருவருடைய முகத்தைத் தொட்டுக் காட்டினேன். அங்கே வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது என்றார். ஒலி வரவில்லை, அந்த மனிதர் பாட்டுப் பாடிக்கொண்டும் இருக்கலாம். ‘வாய் திறந்த ஆண்கள், முப்பது பேரளவில்’ என்று திருத்தி எழுதினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் கசெட்டுக்குத் திரும்பினார்.

மேற்கு லண்டனில், ஒரு தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருந்த தொலைக்காட்சிச் செய்தி நிறுவனம் அது. எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் அங்கே சேர்ந்தேன். உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் அங்கே எடுத்த படம் வானத்துச் செய்மதி வழியாக எங்களிடம் வரும். வெட்டாத, ஒட்டாத, அப்படியே எடுத்த படம். அதைக் கசெட்டில் பதிவார்கள். நானும் அவரும் உட்கார்ந்து பார்த்து, எந்த வினாடியில் என்ன தெரிகிறது என்று வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஷாட் லிஸ்ட் என்பார்கள். படத்தோடு அந்தப் பட்டியலும் பல நாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் போகும். அங்கே படத்தை முழுதாகப் பார்க்க நேரமில்லாதவர்கள் பட்டியலை மட்டும் படித்துச் செய்தி எழுதுவதும் உண்டு. நாம் ஒரு சொல்லைக் கூட்டிப் போட்டால் இருபது நாட்டில் அது உண்மையாகிவிடும் என்று அவர் சொல்வார்.

அவர் ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனப் பெண். எட்டு வயதில், நாற்பத்தெட்டாம் ஆண்டில், தாய் தகப்பனோடு படகில் ஏறி பெய்ரூத்துக்குப் போனவர். அங்கே படித்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்து, நான் சேரும்போது அந்த அறையில் பதினைந்து வருடம் முடித்திருந்தார். குட்டையான உருவம். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்தி உட்காருவார். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் கட்டியிருப்பார். மத்தியானத்தில் வெள்ளரிக்காயை வெட்டாமல் உப்புத் தொட்டுக் கடித்துச் சாப்பிடுவார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு அவர் குரல் இப்போது எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்கிறது. என்னை அரபியில் மகளே என்று கூப்பிடுவார். எங்கள் ஊரில் அதைப் ‘பிள்ளை’ என்போம்.

வேலையில்தான் அப்படி என்றில்லை. வெளியே மழையா என்று கேட்டால், எட்டு இருபதுக்கு நான் உள்ளே வரும்போது பெய்தது என்பார். வரவேற்பில் இருந்த பெண் தன் குழந்தையைக் கொண்டுவந்தபோது, தகப்பனை அப்படியே உரித்துவைத்திருக்கிறது என்று எல்லோரும் கொஞ்சினோம். அவர் நன்றாகக் குனிந்து பார்த்து, மூக்கு மட்டும் என்றார். அந்தப் பெண் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய ராணுவம் சண்டை தொடங்கியது. அம்மாவும் அப்பாவும் அங்கே இருந்தார்கள். மூன்று வாரமாக ஒரு செய்தியும் இல்லை. விம்பிள்டனில் நான் அண்ணையோடு இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதே, இன்றைக்கு ஏதாவது வந்ததா என்று அண்ணை கேட்பார். ஒருநாள் வந்தது. ராணுவமே நிருபர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய படம், நாலு நிமிடம். அலுவலகத்தில் அவர் என்னை நாற்காலியில் இருத்தி, பட்டியலை நினைக்காதே, முதலில் உன் ஆட்களைத் தேடு என்று இரண்டு தரம் ஓட்டிக் காட்டினார். ஆட்களே இல்லை. ஒரு வெறும் தெரு. கடைகள் பூட்டியிருந்தன. ஒரு சைக்கிள் சரிந்து கிடந்தது. அந்தத் தெருவால் நான் ஏழு வருடம் பள்ளிக்கூடம் போனேன்.

மூன்றாம் தரம் ஓட்டியபோது எழுதத் தொடங்கினேன். ‘அப்பாவி மக்கள் கொல்லப்பட்ட தெரு’ என்று எழுதினேன். அவர் வந்து அதன் மேல் கோடு இழுத்தார்.

“இதிலை ஆர் கிடக்கினம், பிள்ளை?”

ஒருவரும் இல்லை என்றேன். ஆனால் எனக்குத் தெரியும், கேள்விப்பட்டோம், எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன். சொல்கிறவர்கள் பட்டியல் வேறு, இது பார்க்கிறவர்கள் பட்டியல் என்றார். எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. உங்கள் ஊருக்கு என்றால் இப்படிச் செய்வீர்களா என்று கத்தினேன். பக்கத்து அறையில் படம் வெட்டிக்கொண்டிருந்த எடிட்டர் எழுந்து வந்து பார்த்தார். கோடு இழுத்தவர் என் கையிலிருந்து தாளை வாங்கி, திரைக்கு மிகக் கிட்டப் போய், நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தானே எழுதினார். ‘ஆட்கள் இல்லாத தெரு. பூட்டிய கடைகள். சரிந்து கிடக்கும் ஒரு சைக்கிள். வலதுபக்கச் சுவரில் ஒன்பது துளைகள், எல்லாம் நெஞ்சளவு உயரத்தில்.’

அன்று மாலை அண்ணையிடம் சொன்னபோது, அவ எங்கள் எதிரிக்குத்தான் உதவி செய்கிறா என்றார். நானும் ஓம் என்றேன். பத்து நாள் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன். பதினோராம் நாள் வடக்கு ஐரோப்பாவில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஒரு நிருபர் கூப்பிட்டார். அந்தச் சுவர் அவரைத் தூங்கவிடவில்லையாம். நெஞ்சளவு உயரத்தில் ஒரே வரிசையில் துளை என்றால் அந்தச் சுவருக்கு முன்னால் யார் நின்றார்கள் என்று கேட்டார். பிறகு அதே கேள்வியைக் கொழும்பில் அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் பதில் சொல்லாததையும் சேர்த்து ஒளிபரப்பினார். நான் எழுதியது போன்ற ‘அப்பாவி மக்கள்’ மற்ற நிறுவனங்களின் எத்தனையோ பட்டியல்களில் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அடுத்த மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. இருவரும் கோயிலில் ஒதுங்கியிருந்து தப்பியிருந்தார்கள். கடிதத்தை அவரிடம் காட்டினேன். திகதியைப் பார்த்து, பதினெட்டாம் திகதி வரைக்கும் நல்லாய் இருக்கிறார்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

அந்த வருடக் கடைசியில் காஸாவிலும் மேற்குக் கரையிலும் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீனர் எழுச்சி தொடங்கியது. அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்கள் அறையில் கசெட் ஓயவில்லை. கல்லெறிகிற பையன்கள், கண்ணீர்ப் புகை, தடியடி. எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதம் வரும். ஒரே படத்தைப் பற்றி ஒரே நாளில், நீங்கள் யூதர்களின் ஆட்கள் என்று ஒன்றும், அரபிகளின் ஆட்கள் என்று இன்னொன்றும் வரும். சண்டையெல்லாம் பெரும்பாலும் படம் எந்த வினாடியில் தொடங்குகிறது என்பதைப் பற்றித்தான். ஒருநாள் வந்த துண்டில் முதலில் ஒரு பையன் கல்லெறிந்தான். இருபது வினாடி கழித்து இரண்டு சிப்பாய்கள் அவனை மதிலோடு சேர்த்துவைத்துக் கையில் அடித்தார்கள். அடி நீண்ட நேரம் போனது. அவர் கல்லையும் எழுதினார், அடியையும் எழுதினார், அடி எத்தனை என்றும் எழுதினார்.

அன்றைய தயாரிப்பாளர் அவசரக்காரர். பிரச்சினை வேண்டாம், கல்லோடு நிறுத்திவிடுவோம் என்றார். எடிட்டர் மறுத்தார். பட்டியலில் இருப்பதை நான் வெட்டமாட்டேன், இரண்டும் போகட்டும் என்றார். இந்த எடிட்டர் வடக்கு லண்டனில் பிறந்து வளர்ந்த யூதர். தாயின் குடும்பம் ஐரோப்பாவில் அழிந்தது. இஸ்ரேல் இல்லாவிட்டால் எங்களுக்கு உலகத்தில் கதவே இல்லை என்று நம்புகிறவர். அவரும், பட்டியல் எழுதும் இவரும் ஒரு மெல்லிய சுவருக்கு இரண்டு பக்கமும் வருடக்கணக்காக இருந்தார்கள். அரசியல் பேசியதேயில்லை. இவருக்கு எப்படித் தேநீர் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய முதுகு வலி எந்தப் பக்கம் என்று இவருக்குத் தெரியும்.

அந்தப் படம் இரண்டு பகுதியும் சேர்ந்தே போனது. இரண்டு நாள் கழித்து இவருக்குச் சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு அரை மணி நேரம் கத்தினார். கல்லை ஏன் எழுதினாய், நாங்கள் நாற்பது வருடம் வாங்கிய அடிக்கு அந்தக் கல்தான் சாட்டு என்று அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாயே என்று. இவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, கல்லை எழுதினபடியால்தான் அடியை நம்பினார்கள் என்றார். சொந்தக்காரர்கள் அதை ஏற்கவில்லை. அந்த மாதம் நடந்த ஒரு கலியாண வீட்டில், எட்டுப் பேர் இருக்கிற மேசையில் தான் மட்டும் தனியே இருந்து சாப்பிட்டதாக ஒரு திங்கட்கிழமை எனக்குச் சொன்னார். சோறு நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, வாஷிங்டனில் புல்வெளியில் வைத்து இஸ்ரேலின் தலைவரும் பாலஸ்தீனத் தலைவரும் கைகொடுத்த நாளில் எங்கள் செய்தியறையே எழுந்து நின்று கைதட்டியது. எடிட்டர் ஒரு வைன் போத்தல் வாங்கிவந்து காகிதக் குவளைகளில் ஊற்றினார். இவரிடமும் ஒன்றை நீட்டி, இப்போதாவது ஏதாவது சொல்லுங்கள் என்றார். இவர் குவளையை வாங்கிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் கை குடுத்தவை. அதை நான் பாத்தனான்,” என்றார்.

எடிட்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

எடிட்டருக்கு ஒரே மகள். படிப்பு முடிந்ததும் டெல் அவிவுக்குப் போய், அங்கேயே ஒரு சிநேகிதியோடு அறை எடுத்து இருந்தாள். சமாதானம் வருகிற நாட்டில் இருக்கப் போகிறாள் என்று அவர் பெருமையாகச் சொல்வார். கைகுலுக்கல் நடந்து ஒரு வருடம் போயிருக்கும். இலையுதிர்காலத்தில் ஒரு காலை, டெல் அவிவில் பேருந்து ஒன்று வெடித்தது. தற்கொலைக் குண்டு. எங்களுக்குப் படம் வரத் தொடங்கியபோது மணி ஒன்பது ஆகவில்லை.

எடிட்டர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். மகள் ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறவள். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் எல்லாக் கம்பியும் அடைத்துப் போயிருந்தது. அவர் பணப்பையிலிருந்து மகளின் படத்தை எடுத்து இவர் மேசையில் வைத்தார். என்ன உடுப்புப் போடுவாள், தலைமயிர் இப்போது நீளமா கட்டையா என்று இவர் கேட்டார். தகப்பனுக்குத் தெரியவில்லை. கோடையில் வெட்டப்போவதாகச் சொன்னாள், வெட்டினாளோ தெரியாது என்றார்.

நான் பொறுக்கமுடியாமல், ஒன்றும் நடந்திருக்காது, கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் திரும்பி, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

இவர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நாலு கசெட்டையும் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தார். அந்தப் படங்கள் வெட்டாதவை. அதில் இருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் அரைவாசியில் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். நாற்பது நிமிடம் ஆனது. கதவைத் திறந்தபோது எடிட்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

“நாலும் பாத்திட்டன். இந்தப் படத்திலை உங்கட மகள் இல்லை.”

“அப்ப உயிரோடை இருக்கிறாளோ?”

“அப்பிடி நான் சொல்லேல்லை. குண்டு வெடிச்சுக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் கமராக்காரர் வந்திருக்கினம். பஸ்ஸின்ரை மற்றப் பக்கம் தெரியேல்லை. தெரியிற பக்கத்திலை அவள் இல்லை.”

அவர் இவரையே பார்த்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல்லை அவர் எதிர்பார்த்து நின்றது எனக்குத் தெரிந்தது. இவர் அதைச் சொல்லவில்லை. அவர் போய்த் தன் அறைக் கதவை அடித்துச் சாத்தினார். சுவர் அதிர்ந்தது.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு இணைப்புக் கிடைத்தது. மகள் உயிரோடு இருந்தாள். முதல் நாள் காய்ச்சல் என்று அன்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாளாம். சிநேகிதி மட்டும் தனியே பேருந்துக்குப் போயிருந்தாள். சிநேகிதி திரும்பவில்லை.

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு இவரிடம் கேட்டேன். அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று. அப்போதுதான் தன் தமையனைப் பற்றிச் சொன்னார். ஹைஃபாவில் படகு ஏறிய அன்று பதினாறு வயதுத் தமையன் கூட்டத்தில் தவறிப்போனான். பெய்ரூத்தில் ஒருவர் வந்து, உங்கள் பையனை டமாஸ்கஸில் கண்டேன் என்றார். இன்னொருவர் அம்மானில் கண்டேன் என்றார். வேறொருவர், அவன் துறைமுகத்தில் வேலை செய்கிறான், நல்ல சதை பிடித்திருக்கிறான் என்றார். எல்லோரும் நல்ல மனிதர்கள், அழுகிற தாய்க்கு ஆறுதல் சொன்னவர்கள். ஒருவரும் கண்டதில்லை. தாய் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தந்த ஊருக்குப் போனார். சாகும்வரைக்கும் அவனுடைய படுக்கையை வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்துத்தான் நான் வளர்ந்தேன் என்றார். சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு எடிட்டரின் மகள் லண்டனுக்கு வந்தாள். தகப்பன் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார். ஒருநாள் அவரோடு அலுவலகத்துக்கு வந்தவள், அவர் படம் வெட்டிக்கொண்டிருந்த நேரம் எங்கள் அறைக்குள் நுழைந்து இவருக்கு முன்னால் நின்றாள். மெலிந்த பெண். தலைமயிர் கட்டையாகத்தான் இருந்தது. சிநேகிதியின் படத்தைக் கையில் வைத்திருந்தாள்.

“எல்லாரும் சொல்லுகினம், அவளுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது, அந்த இடத்திலையே போயிட்டாள் எண்டு. நீங்கள் எல்லாப் படமும் பாத்தனீங்களாம். அப்பிடியோ?”

இவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மேசையில் வைத்தார்.

“நான் சொன்னால் பிறகு அதைத் திருப்பி எடுக்க ஏலாது, பிள்ளை. யோசிச்சுக் கேள்.”

அவள் கேட்கிறேன் என்றாள். இவர் சொன்னார். மூன்றாவது கசெட்டில் பதினொரு வினாடி அந்தப் பெண் தெரிகிறாள். மஞ்சள் சட்டை. நடைபாதையில் மல்லாக்கப் படுத்திருக்கிறாள். கண் திறந்திருக்கிறது. இமைக்கிறாள். உதடு இரண்டு தரம் அசைகிறது, என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு மனிதன் ஓடிவந்து பக்கத்தில் முழங்காலில் இருக்கிறான். பிறகு கமரா திரும்பிவிடுகிறது.

குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. எனக்குக் காதைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அந்தப் பெண் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னிடம் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, மூன்று வாரமாக எல்லோரும் என்னைச் சின்னப் பிள்ளையைப் போலப் படுக்கவைத்துப் போர்த்துகிறார்கள் என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். இவர் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. நின்றார்.

அழுகைச் சத்தம் கேட்டு எடிட்டர் வந்தார். நடந்ததை மகளே சொன்னாள். அவர் இவர் பக்கம் திரும்பினார்.

“பாத்ததெல்லாம் சொல்லத்தான் வேணுமோ?”

“கேட்டவள்,” என்றார் இவர்.

“உங்கட ஆக்கள் செய்தது. அதைப் பிறகு விளக்கமாச் சொல்லவும் உங்கட ஆக்கள்தானோ?”

வருடக்கணக்காக அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பேசாமல் வைத்திருந்தது அன்று வெளியே வந்துவிட்டது. இவர் மேசையில் இருந்த சிநேகிதியின் படத்தை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். மகள் ‘அப்பா’ என்றாள். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் எடிட்டர் வேறு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். நிர்வாகத்துக்கு விஷயம் போனது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒளிபரப்பாகாத படத்தில் உள்ளதை வெளியாருக்குச் சொன்னது விதிமீறல் என்று இவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் நாலைந்து வருடம் இருந்தது. தனி ஆள், வாடகை வீடு. கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, அவர்கள் எழுதியிருப்பது சரிதான் என்று எனக்குச் சொல்லி, இழுப்பறையில் வைத்தார். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் நானும் எடிட்டர் பக்கம்தான். ஒரு பிள்ளையின் நெஞ்சில் அந்தப் பதினொரு வினாடியைக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மார்கழி தொடங்கி ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும், எங்கள் அறைத் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், படம் பார்க்கிற அம்மா வேண்டும் என்றார். யார் என்று கேட்டேன். மகளின் பெயரைச் சொல்லி, அவளுடைய தாய் என்றார். மஞ்சள் சட்டைப் பெண்ணின் தாய்.

தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் சொன்னேன். இல்லையென்று சொல்லிவிடவா என்று கேட்டேன். இவர் இழுப்பறையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றேன்.

ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். எனக்குப் பேச அனுமதி இல்லை என்றார். மறுபக்கத்தில் அந்தத் தாய் ஏதோ சொன்னார். இவர் சட்டென்று எழுந்து நின்றார். பிறகு அரபியில் பேசினார். அந்தத் தாய் பக்தாதில் பிறந்த யூதப் பெண், பத்து வயதில் அங்கிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் என்று பிறகு எனக்குச் சொன்னார். இவர் லண்டனில் அவ்வளவு நேரம் அரபி பேசி நான் கேட்டதில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நடுவில் தொலைபேசியை மேசையில் படுக்கவைத்துவிட்டுப் போய், அலுமாரியில் தேடி மூன்றாவது கசெட்டை எடுத்துவந்து போட்டார். அந்தப் பதினொரு வினாடியை முன்னும் பின்னுமாக ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினார். திரையை நானும் பார்த்தேன். முழங்காலில் இருக்கிற மனிதனின் முதுகு அந்தப் பெண்ணின் இடதுபக்கத்தை முழுதாக மறைத்திருந்தது. கடைசியாக இவர் தொலைபேசியை எடுத்து இரண்டு மூன்று வசனம் சொன்னார். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் பேச்சுத் தொடங்கியது. இன்னும் அரை மணி நேரம் போனது.

வைத்த பிறகு தலையணையில் உட்கார்ந்தார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தாய் கேட்டது ஒன்றுதானாம். அந்த மனிதன் என் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தானா என்று.

“என்ன சொன்னனீங்கள்?”

“அவன்ர தோள் அசையுது. கை இருக்கிற இடத்தை முதுகு மறைக்குது, எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னனான்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஓம் என்று சொல்லியிருக்கலாமே என்று என் கண்ணில் இருந்திருக்க வேண்டும்.

“ஓம் எண்டு அவவுக்கு இருபது பேர் சொல்லிப்போட்டினமாம். ஒருத்தரும் அங்கை நிக்கேல்லை. தெரியேல்லை எண்டு சொன்னது நான் ஒராள்தானாம். அதாலை, கண் திறந்திருந்தது எண்டு நான் சொன்னதை நம்புறாவாம்.”

தேநீரை ஒரு வாய் குடித்தார். இந்த அறை எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அதையும் தான் கேட்டதாகச் சொன்னார். எடிட்டர்தான் கொடுத்திருக்கிறார். அந்தத் தாய் அவரிடம் மூன்று முறை கேட்டாராம். மூன்றாம் முறை எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

எடிட்டர் அதைப் பற்றி ஒருபோதும் இவரிடம் வாய் திறக்கவில்லை. நடைவழியில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார். இவரும் அசைப்பார். அதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அதே குரல், அதே தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். இந்த முறை இவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன்.